முடிவு பார்க்காத பதினொரு நாடகங்கள்

பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்த இரண்டு வருடத்தில் மாத்தளையில் பதினொரு நாடகம் பார்த்தேன். அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குக்கூட முடிவு வரை நான் இருக்கவில்லை. இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். "முடிவே தெரியாம என்னத்தப் பார்த்தீங்க?" என்று கேட்கிறார்கள். முடிவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன். முடிவு வரை உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் நடுவில் போன் நோண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

காரணம் பஸ். நாவுலவிலிருந்து உள்ளே எங்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்து ஐம்பதுக்குள் மாத்தளையில், நாவுல வழியாகப் போகும் தம்புள்ளை பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். நாடகம் நடக்கும் மண்டபத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் பத்து நிமிடம். ஆகவே சரியாக ஐந்து நாற்பதுக்கு நான் கதிரையை விட்டு எழும்பியாக வேண்டும். மேடையில் யார் செத்தாலும் சரி, யார் பிழைத்தாலும் சரி.

நாடகம் மூன்றரைக்கு என்றுதான் போஸ்டரில் போட்டிருப்பார்கள். மூன்றரைக்கு ஆரம்பித்தால் ஐந்தரைக்கு முடிந்துவிடும், ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் ஆரம்பிக்க மாட்டார்களே! பிரதம அதிதி வர வேண்டும். அவர் வந்த பிறகு வெற்றிலை கொடுக்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். மின்விசிறி சுற்றுவதால் திரி அணைந்துபோகும். மின்விசிறியை நிறுத்த ஆள் தேட வேண்டும். பிறகு அவர் ஒரு வார்த்தை பேச வேண்டும். அந்த ஒரு வார்த்தை இருபது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். அந்த வயதில் நான் மனதாரத் திட்டியது பிரதம அதிதிகளைத்தான்.

சனிக்கிழமைகளில் எங்களுக்கு மேலதிக வகுப்பு. ஒரு மணிக்கு முடியும். முதல் நாடகத்துக்கு நான் போனது நாடக ஆசையில் அல்ல. மழை. பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் அந்த மண்டபம் திறந்திருந்தது. மாணவர்களுக்குப் பாதி டிக்கட் என்று எழுதியிருந்தது. உள்ளே போனேன். சிங்கள நாடகம். கல்யாண வீட்டுக் கதை. மாப்பிள்ளை வீட்டார் வரும் பஸ் எங்கோ நின்றுபோகிறது. இங்கே சமையல்காரர் காத்திருக்கிறார். மேடையிலேயே காஸ் அடுப்பை வைத்து, நிஜமாகவே எண்ணெய் ஊற்றி, வெங்காயமும் ரம்பை இலையும் போட்டு வதக்கினார் அந்த நடிகர். அடேயப்பா! வாசனை கடைசி வரிசை வரைக்கும் வந்தது. மத்தியானம் ஒரு பணிஸ் மட்டும் சாப்பிட்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயமா, பசியா, வேறு ஏதாவதா, தெரியாது. ஒரு பொய்யான கல்யாண வீட்டில் ஒரு நிஜமான வெங்காயத்தை வதக்கினால் அத்தனை பேரும் அந்தக் கல்யாணத்தை நம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மாயமாகத் தெரிந்தது. ஐந்து நாற்பதுக்கு எழும்பி ஓடினேன். அந்த மாப்பிள்ளை வந்து சேர்ந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் அம்மா சொல்வார். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று நாடகம் வருவதை டவுனெல்லாம் சொல்லிக்கொண்டு போகும். அதன் சத்தம் வகுப்பறைக்குள் வந்தால் எனக்குப் பாடம் ஓடாது. "சிங்கள நாடகத்தப் பார்த்துப் பரீட்சையில என்னத்த எழுதப் போற?" என்று அம்மா கேட்பார். அப்பா குறுக்கிடுவார். "விடு, டவுன்ல சும்மா சுத்துறதுக்கு இது எவ்வளவோ தேவல. பஸ்ஸ மட்டும் விட்டுறாத." அப்பா ஒரு முதலாளியின் சின்னப் பட்டா லொறியில் நாவுலப் பக்கத்து மரக்கறியைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றுகிறவர். அந்த வேலைக்காகத்தான் நாங்கள் அந்த ஊரில் இருந்தோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும்தான். பக்கத்து வீட்டார் நல்ல மனிதர்கள். பலாக்காய் கொடுப்பார்கள், வருசப் பிறப்புக்குப் பலகாரம் கொடுப்பார்கள். ஆனால் உட்கார்ந்து கதைக்க எனக்கு அங்கே ஆளில்லை.

மாத்தளையிலும் இல்லை. வகுப்பில் ஒருத்தியைக் கெஞ்சிப் பார்த்தேன். "ரெண்டு மணித்தியாலம் ஆளுங்க பேசுறதப் பார்க்கணுமா? எனக்குத் தூக்கம் வரும்டி," என்றாள். இன்னொருத்தி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மூன்றாவது ஆளிடம் நான் கேட்கவே இல்லை. ரோசம். தனியாகப் போவதற்குப் பழகிக்கொண்டேன் என்று சொல்லலாம், ஆனால் அது பொய். ஒவ்வொரு தடவையும் டிக்கட் எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, எல்லாரும் இரண்டு மூன்று பேராக வந்து "இங்க வா, இங்க வா" என்று கதிரை பிடிப்பார்கள். நான் நேரே போய் வாசல் பக்கத்து நடைபாதை ஓரக் கதிரையில் உட்காருவேன். ஓடுவதற்கு வசதி. பக்கத்துக் கதிரையில் என் புத்தகப் பை உட்கார்ந்திருக்கும்.

சிரிப்பிலும் நான் தனிதான். எங்கள் ஊர்ச் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மேடைச் சிங்களம் வேறு. மண்டபமே சிரித்து ஓய்ந்த பிறகு எனக்கு விளங்கும். அப்போது நான் மட்டும் களுக்கென்று சிரிப்பேன். முன் வரிசைகள் திரும்பிப் பார்க்கும். கையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

ஆனாலும் விடவில்லை. எப்படி விடுவது? ஒரு நாடகத்தில் இரண்டு சகோதரர்கள் வீட்டைப் பிரிக்கிறார்கள். மேடையில் வீடு கிடையாது. ஒரு மேசை, ஒரு சோக்குக் கட்டி, அவ்வளவுதான். அண்ணன் தரையில் கோடு போடுகிறான். கோடு மேசைக்கு மேலேயும் ஏறி இறங்குகிறது. கடைசியில் பார்த்தால் வாசல் தம்பி பக்கம் போய்விட்டது. அண்ணன் தன் பங்குக்குள் நின்றுகொண்டு வெளியே போக வழியில்லாமல் தவிக்கிறான். நான்கு பக்கமும் திறந்த வெறும் மேடை! ஒரு எட்டு வைத்தால் இறங்கிவிடலாம். ஆனால் அவன் இறங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும், மண்டபத்துக்கே தெரியும். ஒரு சோக்குக் கோட்டை முந்நூறு பேர் சுவர் என்று நம்பினோம். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். தம்பி கையில் ஈரத் துணியோடு வந்தபோது ஐந்து நாற்பது. அழித்தானா, அழிக்கவில்லையா? போச்சு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சி.ஆர். கொப்பியை எடுத்து எழுதுவேன். பொருளியல் கொப்பிதான், பின்பக்கத்திலிருந்து நாடகம். யார் எப்படி நடந்தார்கள், யார் குரல் எங்கே உடைந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எல்லாம் எழுதுவேன். ஆட்டத்தில் எழுத்து கோணல் மாணலாகப் போகும். பார்க்காத முடிவை நானே எழுதுவேன். சில நாடகத்துக்கு மூன்று முடிவு வைத்திருக்கிறேன். நாவுல வருவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன்.

எழுதி என்ன? டிக்கட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் அல்லவா, அதைத் திறந்து திறந்து பார்ப்பேன். வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். ஒருத்தியும் எதுவும் கேட்டதில்லை. எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது இரண்டே விஷயம். ஒன்று, ஒரு நாடகத்தின் முடிவு. மற்றது, "எப்படி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்க ஓர் ஆள். இரண்டாவது கிடைக்காது என்று விட்டுவிட்டேன். முதலாவதுக்காவது ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மண்டபத்தில் என்னோடு பேசிய ஒரே மனிதர் வாசலில் டிக்கட் கிழிப்பவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் டோர்ச். உள்ளே விடும்போது சிங்களத்தில் "வாங்க மகள்" என்பார். நானும் சிங்களத்தில் "நன்றி மாமா" என்பேன். வெளியே ஓடும்போது அவர்தான் கதவின் ஒரு பாதியைக் கொஞ்சமாகத் திறந்து, வெளிச்சம் உள்ளே போகாமல் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, என்னை விடுவார். அப்போது மட்டும் அவர் முகம் கடுகடுவென்று இருக்கும். ஒரு தடவை, "மகளுக்கு எந்த நாடகமும் பிடிக்காதோ?" என்று சிங்களத்தில் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். அந்தத் தலையாட்டலை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் யோசிக்கவில்லை.

பதினோராவது நாடகம்தான் கயிற்று நாடகம். அதைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு கிணறு, ஒரே ஒரு பெண். வெள்ளை உடை. கிணற்றிலிருந்து கயிற்றை இழுக்கிறாள். இழுத்துக்கொண்டே தன் கதையைச் சொல்கிறாள். கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தது, புருசன் வேலைக்கு என்று போனது, கடிதம் நின்றது, பிள்ளை வளர்ந்து அதுவும் போனது. சொல்லச் சொல்லக் கயிறு வந்துகொண்டே இருக்கிறது. காலடியில் குவிகிறது, முழங்கால் வரை குவிகிறது. வாளி வரவில்லை. ஒன்றே கால் மணித்தியாலம் அந்தப் பெண் இழுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, கை சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. கதை விளங்காத இடங்களில்கூட எனக்குக் கயிறு விளங்கியது. அன்றைக்கு நான் மற்றவர்களுக்குப் பிந்தவில்லை. சிரிக்க வேண்டிய இடமே இல்லை, அதனாலும் இருக்கலாம்.

கயிற்று முனையில் என்ன? மண்டபம் மூச்சுவிடாமல் இருந்தது. வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. கடிகாரம் ஐந்து நாற்பதைத் தாண்டி இரண்டு நிமிடம். நான் அழுகையும் ஆத்திரமுமாக எழும்பினேன். அன்றைக்கு வகுப்பிலிருந்து நேராக வந்திருந்தேன், பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை, முதுகில் பை. நடைபாதையில் மெதுவாக, சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடந்தேன். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. எப்போதும் ஒரு பாதியை மட்டும் முறைத்துக்கொண்டு திறக்கும் அந்த மாமா, அன்றைக்கு இரண்டு கதவையும் அகலத் திறந்து, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். பின்னேர வெயில் முகத்தில் அடித்தது. பெரிய மனிதர்களுக்குத் திறப்பதைப் போல எனக்குத் திறந்தார்! நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் அந்த மரியாதையை நினைத்துக்கொண்டே ஓடினேன். பின்னால் கைதட்டல் கேட்டது. சரி, முடிந்துவிட்டது, இரண்டு நிமிடத்தில் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து, பஸ்ஸில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அந்த நாடகத்துக்கு மட்டும் என்னால் முடிவு எழுத முடியவில்லை. தண்ணீர் என்று எழுதி வெட்டினேன். வெறும் வாளி என்று எழுதி வெட்டினேன். புருசனின் சட்டை என்று எழுதிவிட்டு, சீ, சினிமா போல இருக்கிறது என்று வெட்டினேன். ஐந்து மாதம் அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது.

பிறகு ஒரு நாள் மைக் ஆட்டோ மறுபடியும் அதே நாடகத்தைச் சொல்லிக்கொண்டு போனது. அன்று மாலையே அப்பாவிடம் கேட்டேன். அவர் லொறியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வர்ற சனிக்கிழம நாடகம் முடியுற வரைக்கும் இருக்கணும்ப்பா."

"பஸ்ஸு?"

"பஸ் போயிரும்."

"அப்ப எப்படி வருவ?"

"நீங்க வந்து கூட்டிட்டுப் போகணும்."

அம்மா உள்ளேயிருந்து, "பார்த்த நாடகத்தையே திரும்பப் பார்க்கவா? அதுக்கு ஒரு லொறி வேற வரணுமா மகாராணிக்கு?" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் ஒண்ணையும் பார்க்கலம்மா! ஒண்ணுக்கும் முடிவு பார்க்கல! ரெண்டு வருசமா பாதிலதான் ஓடி வர்றேன், உங்களுக்கு அது தெரியுமா?" என்று கத்திவிட்டேன். அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை, அவர்கள் கேட்டதே இல்லை. அப்பா டயரை விட்டு நிமிர்ந்தார். "ஆறு மணிக்கு மண்டபத்துக்கு முன்னுக்கு நிற்பேன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் நீலச் சல்வார் போட்டுக்கொண்டு போனேன். டிக்கட்டை நீட்டினேன். வாசல் மாமாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது. டிக்கட்டைக் கிழிக்க மறந்து நின்றார். ஓரக் கதிரையைக் காட்டி, "அங்க வேண்டாம் மகள், நடுவில உட்காருங்க," என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. என் இடம் அது. வேண்டுமென்றே அங்கேயே போய் உட்கார்ந்தேன்.

பிரதம அதிதி வழக்கம்போலப் பிந்தினார். அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை. விளக்கை இரண்டு தரம் ஏற்றினார்கள், ஏற்றட்டும். பேசினார், பேசட்டும். என்னிடம் நேரம் இருந்தது. நேரம் இருக்கிற ஆளாக அந்தக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் வந்தாள், இழுத்தாள். கயிறு வந்தது. ஐந்து நாற்பது வந்து போனது. என் கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன, அவ்வளவு பழக்கம். கையால் முழங்காலை அழுத்திக்கொண்டேன்.

வெளிச்சம் குறையத் தொடங்கியது. அப்போது எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு பிள்ளை எழும்பினாள். வெள்ளைச் சீருடை, முதுகில் பை, இரட்டைப் பின்னல். சத்தம் போடாமல் நடைபாதையில் வாசலை நோக்கி வந்தாள். ஐயோ பாவம், இவளுக்கும் பஸ்! இவ்வளவு நாளும் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இன்னொருத்தி இருந்திருக்கிறாள். இதே மண்டபத்தில், இதே சனிக்கிழமைகளில் இருந்திருப்பாள், நான் பார்க்கவில்லை. அவள் என் கதிரையைக் கடக்கும்போது எனக்கு அடக்க முடியவில்லை. எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

"தங்கச்சி, போகாதீங்க," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு சிங்களத்தில், "இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்க அப்பா லொறியோட வர்றார், உங்களையும் கொண்டுபோய் விடச் சொல்றேன். இருங்க. இங்க உட்காருங்க," என்றேன். பக்கத்துக் கதிரையிலிருந்து என் பையைக்கூட எடுத்துவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுப்போனாள். கை சில்லென்று இருந்தது. மேடையைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். அந்த மாமா இரண்டு கதவையும் அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். வெயில் உள்ளே பாய்ந்தது. மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது. வெளிச்சத்துக்குள் அந்தப் பிள்ளை சிறியதாகிக்கொண்டு போனாள், பை மட்டும் முதுகில் ஆடியது. யாரும் அசையவில்லை. மேடையில் அந்தப் பெண் அவளைப் பார்க்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைதட்டினார்கள். எழும்பி நின்று தட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தார்.

நாடகம் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. எல்லாரும் கூட்டம் கூட்டமாகக் கதைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். "அந்த இடத்தைப் பார்த்தியா", "எனக்கு மயிர் கூச்செறிந்தது" என்று ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நான் தூணருகே நின்றேன். அப்பாவின் லொறி இன்னும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த நேரத்தில் நான் இங்கே நின்றதே இல்லை. இரண்டு வருடமாக முடிவைப் பறித்த அதே பஸ், இந்தத் தூணருகே தனியாக நிற்பதிலிருந்தும் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நாடகத்துக்குள் இருக்கும்போது எல்லாரும்தான் தனித்தனியாக இருக்கிறார்கள். முடிந்த பிறகுதான் தெரிகிறது யாருக்கு ஆள் இருக்கிறது என்று.

வாசல் மாமா கதவைச் சாத்திவிட்டு நெற்றியைத் துடைத்தார். எனக்குக் கேட்கும் என்று தெரியாமல், தனக்குத்தானே வாய்விட்டுச் சொன்னார்.

"ஐயோ முருகா! இந்தப் புள்ள இன்னைக்கும் கெடுத்துரும்னு உசுரே போயிருச்சு."

தமிழ்! நான் வாயைப் பிளந்தேன்.

"மாமா, நீங்க தமிழா?"

அவரும் வாயைப் பிளந்தார். "அடக் கடவுளே, நீ தமிழ்ப் புள்ளையா? ரெண்டு வருசமா என்கிட்ட சிங்களத்துல பேசிக்கிட்டு இருந்தியே!"

"நீங்கதான் மொதல்ல சிங்களத்துல பேசினீங்க."

"இந்த வாசல்ல நின்னா எல்லார்கிட்டயும் அப்படித்தான் வருது புள்ள."

அவர் மாத்தளை டவுன் ஆள்தான். டவுன் கோயிலுக்குப் பின்னாலுள்ள லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவர் கேட்டார், "ஆமா, ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்துட்டு ஏன் பாதில எந்திரிச்சுப் போவ? ஆடுறவங்களுக்கு அது எவ்வளவு அவமானம் தெரியுமா? ஒனக்கு ஒண்ணுமே புடிக்கலையாக்கும்னு எனக்கு ஒன்மேல ஒரே கோவம்."

"பஸ்ஸு மாமா. நாவுலயிலிருந்து ஆறே முக்காலுக்குக் கடைசி பஸ்."

"பஸ்ஸா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். முதல் தடவை கயிற்று நாடகம் வந்தபோது முடிவு இப்படி இல்லையாம். வெளிச்சம் குறைந்ததும் அந்த நடிகை இறங்கி, நடைபாதையில் நடந்து, வாசல் வழியாக வெளியே போக வேண்டும். வெள்ளை உடையில் ஒரு பெண் வந்தால் இரண்டு கதவையும் அகலத் திறக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. இருட்டுக்குள் வெள்ளையில் ஒரு பெண் வந்தாள். அவர் திறந்துவிட்டார். அது நான்.

"எல்லாரும் திரும்பி ஒன்னப் பார்த்தாங்க. ஏதோ ஸ்கூல் புள்ள பையோட வெளிச்சத்துக்குள்ள போவுது. அதுதான் முடிவுன்னு நெனச்சுக் கைதட்டிட்டாங்க. அந்த அம்மா கயித்தப் புடிச்சபடியே மேடையில நிக்கிறாங்க. டைரக்டர் என்னத் திட்டின திட்டு இருக்கே! ஆனா மறுநாள் அவரே போன் எடுத்தாரு. அந்தப் புள்ள யாருன்னு கேட்டாரு. ஒன்மேல உள்ள கோவத்துல தெரியாதுன்னுட்டேன். இப்ப ஊர் ஊரா ஒரு புள்ளைக்கு யூனிபோர்ம் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்க. அதுதான் இப்ப முடிவு."

அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன்.

"கயித்து முனையில என்ன மாமா இருக்கு?"

"முனையே இல்ல. வட்டமாக் கட்டின கயிறு. குவியுறத அடியால பின்னுக்கு இழுத்து, கிணத்துக்குப் பின்னால மறைஞ்சிருந்து ஒருத்தர் திரும்பத் திரும்ப உள்ள விடுறாரு."

லொறி வந்து ஹோர்ன் அடித்தது. மாமா, "அடுத்த தடவ தமிழ்லயே பேசு, என்னா?" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்குள் கறிமிளகாய் வாசனை. அலுவிகாரைக்குக் கிட்ட லொறி வந்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

இரண்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. ஒரு கொப்பி நிறையப் பதில் வைத்திருந்தேன்.

"நல்லா இருந்துச்சுப்பா. கடைசியில ஒரு ஸ்கூல் புள்ள எந்திரிச்சுப் போயிருது."

"எங்க போவுது?"

"அது சொல்லலப்பா. கதவத் தொறந்து விடுறாங்க. போயிருது. எல்லாரும் கைதட்டுறாங்க."

அப்பா கியரை மாற்றினார். "இதுல என்ன சொல்ல இருக்கு? பொழுது சாயுதுல்ல, கடைசி பஸ்ஸுக்கு ஓடியிருக்கும்," என்றார். "தனியா வேற."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாவுல வரும் வரைக்கும் திரும்பவில்லை.